காய்ந்த துணி சொன்ன ஈரம்

புயல் வருகிறது என்றால் எனக்குக் கொண்டாட்டம். இதை வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள். வீட்டைப் பறிகொடுத்தவர், படகைப் பறிகொடுத்தவர் எல்லாம் இருக்கிற நாட்டில் இப்படி ஒருத்தி பேசலாமா என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். ஆனால் நீங்கள் நம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள், உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? வங்கக் கடலில் ஒரு மேகக்கூட்டம் மெல்லச் சுழல ஆரம்பித்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பழங்காநத்தத்திலிருந்து வானிலை நிலையத்துக்கு மற்ற நாளெல்லாம் உருட்டிக்கொண்டு போகிற ஸ்கூட்டியை அன்றைக்கு மட்டும் விரட்டிக்கொண்டு போவேன். ஓய்வு பெற்றும் அந்த வியாதி தீரவில்லை. உங்களில் யாருக்காவது அது தொற்றியிருந்தால் தயவுசெய்து மருந்து தேடாதீர்கள்.

ஆனால் அந்த வியாதி என்னை ஒருநாள் பொய் சொல்ல வைத்தது. அந்தப் பொய்யால் ஒரு கண்மாயின் பாதித் தண்ணீர் வீணாகப் போயிருக்கும். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால், கடலே இல்லாத மதுரையில் உட்கார்ந்துகொண்டு புயலைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று உங்களையும் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். புயல் கடலில் பிறக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கொல்வது பல தடவை நம் பக்கத்துக் காற்று.

என் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். எதையும் சமையலறையில் விளக்கிக் காட்டினால்தான் அவருக்கு ஒப்பும். புயல் எதைத் தின்று வளர்கிறது என்று ஒருநாள் கேட்டார். அடுப்பில் இட்லிப் பானை இருந்தது. அதைக் காட்டினேன். கடல் சூடாக இருக்கிறது, தண்ணீர் ஆவியாகிறது, ஆவியாகும்போது கடலின் சூட்டையும் தனக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு மேலே போகிறது. மேலே போய் மறுபடி மேகத்துளியாக மாறும்போது அந்தச் சூட்டைக் கக்கிவிடுகிறது. சூடான காற்று இன்னும் வேகமாக மேலே ஏறுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது, அந்த இடத்தை நிரப்ப நாலாபக்கமிருந்தும் ஈரக்காற்று ஓடி வருகிறது. வருகிற காற்று மறுபடி ஆவியைக் கொண்டுவருகிறது. இப்படித்தான் அது தன்னைத் தானே ஊதி ஊதிப் பெருக்கிக்கொள்கிறது. சுற்றிலும் ஈரமான காற்று இருக்கிறவரைக்கும் பானை மூடியிருக்கிற மாதிரி. காய்ந்த காற்று உள்ளே புகுந்துவிட்டால் மழைத்துளி அந்தக் காற்றிலேயே ஆவியாகி, காற்றைக் குளிரவைத்து, குளிர்ந்த காற்று தொப்பென்று கீழே விழும். அவ்வளவுதான், மூடியைத் திறந்த பானை. வெந்ததும் வேகாததுமாக நிற்கும். அம்மா ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார். "அப்ப அடுப்பு எரியுதான்னு மட்டும் பாத்தாப் பத்தாது, மூடி இருக்கான்னும் பாக்கணும்" என்றார். பெரிய பெரிய பாடப்புத்தகத்தில் நான் படித்ததை விட அது நன்றாக இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். கார்த்திகை முடிகிற சமயம். தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு புயல், அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. மன்னார் வளைகுடாப் பக்கம் வந்து மறுநாள் விடியற்காலையில் கரையைத் தொடும் என்று சொல்லியிருந்தார்கள். கரை ஏறும்போது அது வலுத்து வருமா, இளைத்து வருமா என்பதில்தான் குழப்பம். கம்ப்யூட்டர் கணிப்புகளில் பாதி வலுக்கும் என்றது, பாதி இளைக்கும் என்றது. எனக்கோ வலுக்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொல்லவே கூசுகிறது, ஆனால் அதுதான் சரியான வார்த்தை.

வெளியே நிறுத்தியிருக்கிற நம் வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிற இரண்டு வெப்பமானிகள் உங்களுக்குத் தெரியும். ஒன்று சும்மா இருப்பது, டிரை பல்ப். இன்னொன்றின் குமிழில் மெல்லிய மஸ்லின் துணியைக் கட்டி, திரியின் நுனியைச் சின்ன தண்ணீர்க் குப்பியில் தொங்கவிட்டிருப்போம், அது வெட் பல்ப். காற்று காய்ந்திருந்தால் துணியிலிருக்கிற ஈரம் வேகமாக ஆவியாகும், குமிழ் குளிர்ந்து பாதரசம் இறங்கும். காற்று நனைந்திருந்தால் ஆவியாகாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். ஈரப்பதத்தைத் தானாக அளக்கிற கருவியைப் பழுதென்று கழற்றி அனுப்பியிருந்தோம். அதனால் அன்றைக்கு எல்லாம் இந்தத் துணியின் தயவுதான்.

காலை எட்டரை மணிக் கணக்கெடுப்புக்குப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு வெப்பமானியும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி ஒரே இடத்தில் நின்றன. எனக்குப் புல்லரித்தது. ஈரம் வந்துவிட்டது, கடல் மதுரை வரைக்கும் மூச்சு விடுகிறது என்று தோன்றியது. மேலே வானமும் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி உயர மேகத்தால் மூடியிருந்தது. துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். நோட்டில் எழுதி, கணிப்புப் போடுகிற மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, செயற்கைக்கோள் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. குப்பியில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை. தினமும் செய்கிற வேலை அது. பல் விளக்குவது மாதிரி.

ஒன்பது மணிக்கு வட்டாட்சியர் கூப்பிட்டார். கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஒரு கண்மாய் நிறைந்து நிற்கிறது, கரையில் ஓரிடம் பலவீனமாக இருக்கிறது, மணல் மூட்டைதான் அடுக்கியிருக்கிறது, கரைக்குக் கீழே அறுபது வீடுகள் இருக்கின்றன என்றார். பெருமழை வருமென்றால் இப்போதே, மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிற கலிங்கின் ஷட்டரைத் திறந்து பாதிக் கண்மாயை வடித்துவிட வேண்டும். வடிய ஆறேழு மணி நேரம் ஆகும். மழை வராவிட்டால் வடித்த தண்ணீர் போனது போனதுதான், வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரத்தில் மறுபடி கண்மாய் நிறைய வழியில்லை. கதிர் பிடிக்கப் போகிற நெல்லுக்கு அதுதான் தண்ணீர். கணிப்பு இரண்டுவிதமாக இருக்கிறதே, உங்கள் பக்கம் காற்று எப்படி இருக்கிறது மேடம் என்று கேட்டார்.

காற்று முழுக்க ஈரம் சார், புயலுக்கு நல்ல தீனி என்றேன். குரலில் அம்புட்டு உற்சாகம். அப்படியென்றால் பன்னிரண்டு மணிக்குத் திறக்கச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

பத்தரை மணி வாக்கில் பாண்டியம்மாள் கூப்பிட்டாள். அந்தக் கண்மாய்ப் பாசன சங்கத்துக்கு அவள்தான் தலைவி. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நாங்கள் வைத்திருக்கிற மழைமானியைத் தினமும் அளந்து எனக்குச் சொல்கிறவளும் அவள்தான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவள் ஒன்றரை ஏக்கருக்குச் சொந்தக்காரி. வீடு கரைக்குக் கீழே, வயல் கண்மாய்ப் பாசனத்தில். தண்ணீர் இருந்தாலும் பயம், போனாலும் நஷ்டம். வார்த்தையை அளந்துதான் பேசுவாள். அன்றைக்கு அளக்கவில்லை. ஷட்டரைத் திறக்க ஆள் வந்து நிற்கிறது, நீங்கள் சொல்லித்தான் திறக்கிறார்களாமே என்று கேட்டாள். ஆமாம் பாண்டியம்மா, காற்றில் ஈரம் அப்படி இருக்கிறது, வேறு வழியில்லை என்றேன்.

 அவள் சொன்னாள்.

"என்ன ஈரம் மேடம்? காலையில கரையில துவைச்சுப் போட்டேன். போர்வை மொதக்கொண்டு அம்புட்டும் அரை மணியில காஞ்சு கெடக்கு. உதடு வெடிக்குது. கொஞ்சங்கூடப் புழுங்கலயே."

பிள்ளைகளே, அந்த நொடியை நான் மறக்க மாட்டேன்.  போனைக் கையில் பிடித்தபடியே பெட்டிக்கு ஓடினேன். குனிந்து பார்த்தேன். குப்பி காலி. முந்தின நாளிலிருந்து அடித்த வடக்குக் காற்று அதிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டிருந்தது. துணி விறைத்துப்போய் அப்பளம் மாதிரி இருந்தது. ஈரமில்லாத துணியிலிருந்து என்ன ஆவியாகும்? அதனால்தான் வெட் பல்பும் டிரை பல்ப் மாதிரியே காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. காற்று எவ்வளவு காய்ந்திருந்ததோ, அவ்வளவு நனைந்ததாக எனக்குப் பொய் சொல்லியிருக்கிறது. மழையோ மூடுபனியோ இல்லாமல் இரண்டும் ஒட்டி நின்றால் முதலில் துணியைப் பார் என்று எத்தனை புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

துணியை நனைத்தேன். குப்பியை நிரப்பினேன். பிறகு அசையாமல் நின்று பாதரசத்தைப் பார்த்தேன். டிரை பல்ப் இருபத்தேழில் நின்றது. வெட் பல்ப் இறங்க ஆரம்பித்தது. இருபத்தைந்து. இருபத்துமூன்று. இதற்கு மேல் இறங்காதே என்று ஒரு மனசு கெஞ்சியது, இறங்கு இறங்கு என்று இன்னொரு மனசு பறந்தது. இருபது. பதினெட்டுக்கு வந்து நின்றது. என் சர்வீஸில் புயல் பக்கத்தில் நிற்கிற நாளில் அவ்வளவு காய்ந்த காற்றை மதுரையில் நான் பார்த்ததில்லை. தப்பு செய்த வெட்கம் ஒரு பக்கம், கை காலெல்லாம் பரபரப்பு இன்னொரு பக்கம். புயலின் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே ஓடும். தக்காணத்துக் காய்ந்த காற்றை அது நம் தலைக்கு மேல் இழுத்து, தன் வாயில் தானே போட்டுக்கொண்டிருந்தது.

பாண்டியம்மாள் இன்னும் லைனில் இருந்தாள். நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு வைத்தேன். மணி பத்தே முக்கால் தாண்டிவிட்டது.

முதலில் மேலிடத்துக்குத் திருத்தம் அனுப்பினேன். பிறகு அங்கே பணியிலிருந்த கணிப்பாளரைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. செயற்கைக்கோளின் நீராவிப் படத்தில் மேற்கிலிருந்து காய்ந்த காற்று நாக்கு நீட்டுகிற மாதிரித் தெரிந்தது, கீழேயும் அப்படியா என்று பார்த்தோம், உங்கள் காலை அளவு முழு ஈரம் என்றதால் படத்தைச் சந்தேகப்பட்டோம் என்றார். அது திட்டியதை விட வலித்தது. என் காய்ந்த துணி ஒரு கண்மாயை மட்டுமல்ல, கணிக்கிறவர்களையும் குழப்பியிருக்கிறது. புயல் இளைக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் அடுத்த அறிக்கை இரண்டரை மணிக்குத்தான், அதற்கு முன்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார்.

ஷட்டர் பன்னிரண்டுக்கு. அறிக்கை இரண்டரைக்கு. நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேரம்தான் என் தலையில் விழுந்தது. திறக்காதே என்று சொல்லி மழை கொட்டினால் அறுபது வீடு. திற என்று விட்டுவிட்டு மழை பொய்த்தால் ஊரே காயும். எதுவும் சொல்லாமல் இருந்துவிடலாம், அது என் வேலையே இல்லை என்று காரணமும் காட்டலாம். அந்த யோசனையும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. நான் ஈரமா வறட்சியா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். எதைச் செய்தால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்று யோசிக்கவில்லை. ஆளை மேட்டுக்கு அனுப்பினால் சாயங்காலம் திரும்ப வரச் சொல்லலாம். தண்ணீரைத் திறந்துவிட்டால் திரும்ப வரச் சொல்ல முடியாது. புயல் கரையைத் தொட விடியற்காலை ஆகும். மூன்று மணிக்குத் திறந்தாலும் பாதிக் கண்மாய் வடிய நேரம் இருக்கிறது.

வட்டாட்சியரைக் கூப்பிட்டேன். என் துணி காய்ந்திருந்தது, காலையில் நான் சொன்னது தப்பு என்று ஆரம்பித்தேன். அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

"காலையில நனைஞ்ச காத்துன்னீங்க, இப்பக் காஞ்ச காத்துங்கிறீங்க. நான் எதை நம்புறது மேடம்?"

"என்னை நம்ப வேணாம் சார். கரைக்குக் கீழ இருக்கிற ஆளுகள இப்பவே மேட்டுக்கு அனுப்பிருங்க. ஷட்டர இரண்டரை மணி அறிக்கை வரைக்கும் நிறுத்துங்க. வலுக்குதுன்னு வந்தா மூணு மணிக்குத் திறந்தாலும் போதும். இளைக்குதுன்னு வந்தா தண்ணி மிஞ்சும்."

 அவர் எழுத்தில் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். என் தப்பையும் சேர்த்தே எழுதினேன்.  பதினொன்றே முக்காலுக்கு ஷட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்று பதில் வந்தது.

அடுத்தது பாண்டியம்மாள். வீடுகளைக் காலி பண்ண வேண்டும் என்றதும் அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது. தப்பு உங்களுடையது, அலைவது மட்டும் நாங்களா என்று கேட்டாள். வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் எங்களை, தண்ணீரை விடச் சொன்னாலும் எங்களை, மேட்டில் இருக்கிறவனை யாரும் எதுவும் சொல்வதில்லை என்றாள்.  நீ சொல்வது நிஜம் என்றேன். தண்ணீரை மிச்சம் பிடிக்க இதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றும் சொன்னேன். சரி, ஆட்டையும் சேர்த்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பத்திக்கிட்டுப் போறேன், வாத்தியார் கேட்டால் உங்களைத்தான் கைகாட்டுவேன் என்று வைத்துவிட்டாள். ஒன்றரை மணிக்குள் அறுபது வீடும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

அதன்பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்ன காட்சி தெரியுமா? காலையில் உருண்டு திரண்டிருந்த புயலின் மேற்குப் பக்கம் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. காய்ந்த காற்று சுற்றிக்கொண்டு உள்ளே போகப் போக, நடுவிலிருந்த உயர மேகங்கள் சரிந்தன. பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பப் பார்த்தது, அதுவும் அரை மணியில் அடங்கியது. கடல் அப்படியே சூடாகத்தான் இருந்தது. அடுப்பு அணையவில்லை, மூடி திறந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். புயல் வளர்வதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது சாகிறதைப் பார்க்கவும் அதே அளவு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டரை மணி அறிக்கை வந்தது. கரையைத் தொடுமுன் தாழ்வு மண்டலமாக இளைக்கும், கடலோரத்தில் மட்டும் மிதமான மழை என்றது. ஷட்டர் மூடியபடியே இருந்தது. ஆட்கள் மட்டும் விடிகிறவரை பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும் என்று வட்டாட்சியர் சொல்லிவிட்டார். அது அவருடைய புத்திசாலித்தனம், எனக்கு அது தோன்றவில்லை.

சாயங்காலம் என் மேலதிகாரி விளக்கம் கேட்டார். கொடுத்தேன். பதிவேட்டில் அந்த எட்டரை மணி அளவை அழிக்கலாமா என்று கூட வேலை பார்த்த ஒருவர் அக்கறையோடு கேட்டார். அழிக்காதீர்கள். எந்த நாளும் அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் அங்கே இருக்கும். நம்பாவிட்டால் போய்ப் பாருங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததால் இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். முடியாமல் போயிருக்கவும் கூடும். பாண்டியம்மாள் அரை மணி தாமதமாகக் கூப்பிட்டிருந்தால், அல்லது மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், ஷட்டர் திறந்திருக்கும். கருவி சொல்வதோடு ஊர்க்காரரின் உதடு சொல்வது ஒத்துவராவிட்டால் ஊர்க்காரரைத் திருத்தப் போகாதீர்கள். எழுந்து போய்ப் பெட்டியைப் பாருங்கள். சந்தோஷமாக இருங்கள், குதியுங்கள், ஆனால் எந்த அளவு உங்களைக் குதிக்க வைக்கிறதோ அந்த அளவை இரண்டு தடவை எடுங்கள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பாண்டியம்மாளின் போன் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மழைமானிக்குப் போயிருக்கிறாள். ராத்திரி கொஞ்சம் தூறியது எனக்குத் தெரியும். அங்கே எவ்வளவு என்று தெரிய வேண்டும். கரை நிற்கிறதா, எவ்வளவு பெய்தது, எல்லாரும் சௌக்கியமா என்று மூச்சு விடாமல் கேட்டேன். 

"மொதல்ல நீங்க துணிய நனைச்சீங்களா?" என்றாள்.

நனைத்துவிட்டேன் என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க. போய்த் தொட்டுப் பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனேன். பெட்டியைத் திறந்து துணியைத் தொட்டேன். விரல் நனைந்தது. ஈரமாக இருக்கிறது பாண்டியம்மா என்றேன்.

"சரி, எழுதிக்கங்க. மழை மூணு மில்லி. கரை அப்படியே நிக்குது. கண்மாய் தளும்பத் தளும்பக் கெடக்கு" என்றாள்.